பத்து நாற்பத்தெட்டு வரை திருவோணம்

“இழுக்காதடா, கழுத்து முறிஞ்சிரும்!”

அறிவுச்செல்வி போட்ட சத்தத்தில், ஐஸ் பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். முறிய இருந்தது அப்பாவின் கழுத்து அல்ல. அப்பா சடையாண்டி, பந்தலுக்குக் கீழே, தாடையில் கட்டிய வெள்ளைத் துணியும் நெற்றியில் ஒட்டிய நாணயமுமாக, யாருடைய சத்தத்துக்கும் அசையாமல் படுத்திருந்தார். தம்பி மணிமாறன் கையில் இருந்த கேமராவுக்குத்தான் ஆபத்து.

கொய்யாப்பழ அளவில் ஓர் உருண்டைத் தலை, விரல் கனத்துக்குக் கழுத்து, அடியில் ஒரு வட்டத் தட்டு. அவ்வளவுதான் அந்தக் கேமரா. அப்பா பக்கவாதத்தில் விழுந்த சில நாட்களிலேயே, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மணிமாறன் அதை வாங்கிவந்து கூடத்துச் சுவரில், கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினான். “நான் அங்க இருந்தே அப்பாவப் பாத்துக்கிருவேன்” என்றான். கேமரா கஞ்சி ஊட்டுமா என்று கேட்க அறிவுச்செல்விக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. பிறகு உள்ளே எறும்பு புகுந்துவிடுகிறது என்று ஒரு நீல ரப்பர் உறையை அனுப்பினான். அளவில் ஒரு சுற்றுச் சின்னது. மாட்டும்போதே பெரும்பாடு. பதினோரு மாத வெயிலிலும் அடுப்படிப் புகையிலும் அது தலையோடு தோலாக ஒட்டிக்கொண்டது; திருகினால் நகரும், கழற்ற வராது. லென்ஸுக்கு ஓர் ஓட்டை, சத்தத்துக்கு ஓர் ஓட்டை. எல்லாவற்றையும் பதிந்துவைக்கிற கார்டு பின்பக்கத்தில், உறைக்கு உள்ளே இருந்தது. அந்தக் கார்டுதான் இப்போது வேண்டும்.

“பிளேடு வச்சு ஒரு கீறு கீறுனா முடிஞ்சுச்சு” என்றார் பந்தல் காலில் சாய்ந்திருந்த ஒருவர். இன்னொருவர் குறடு கேட்டார். கேத வீட்டில் சும்மா நிற்கும் ஆண்களுக்கு ஒரு ரிப்பேர் வேலை கிடைத்துவிட்டால் போதும், ஆளுக்கு ஆள் இன்ஜினீயர் ஆகிவிடுவார்கள்.

“எதையாச்சும் பண்ணுங்கப்பா, ஆனா சுருக்கப் பண்ணுங்க” என்றார் பெரியப்பா கருப்புசாமி. சட்டைப் பையில் இருந்து நாள்காட்டித் தாளை எடுத்துப் பிரித்தார். காலையில் கிழித்த தாள். மதியத்தில் இருந்து பத்துத் தடவையாவது பிரித்து மடித்திருப்பார். “மணி நாலு ஆகப்போகுது. அஞ்சரைக்கு எடுக்கணும். அதுக்குள்ள திருவோணமா அவிட்டமான்னு தெரிஞ்சாகணும்.”

‘திருவோணம் காலை 10.48 வரை, பின்பு அவிட்டம்’ என்று தாளில் இருந்தது. திருவோணத்தில் உயிர் போயிருந்தால் ஒன்றுமில்லை. அவிட்டத்தில் போயிருந்தால் அடைப்பு. உயிர் போன இடத்தை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும், யாரும் புழங்கக்கூடாது. அறை என்றால் அறையோடு போகும். அப்பாவின் கட்டில் கிடந்ததோ கூடத்தில். கூடத்தை மிதிக்காமல் அடுப்படிக்கும் பின்வாசலுக்கும் போக வழியில்லாத வீடு அது. ஆகவே வீட்டையே பூட்ட வேண்டும். பிணத்தை எடுத்த கையோடு பூட்டிச் சாவியைப் பெரியப்பா வாங்கிக்கொள்வார்.

அம்மா மாயம்மாள் எங்கே போவாள்? பெரியப்பா வீடு அடுத்த தெருவில், நான்கு அறையோடு இருந்தது. அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அறிவுச்செல்வியின் வீடு பேகம்பூரில் அவளுடைய ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அதற்குள் மாமியாரும் உண்டு. மிச்சம் இருப்பது திருப்பூரில் தம்பி வீடு, மூன்றாவது மாடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே எட்டு நாள் இருந்துவிட்டு வந்த அம்மா, ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல்தான் தெரிகிறது என்று சொல்லி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட்டில் சம்பங்கி நின்றது. விடியும் முன்பே பறித்துப் பூ வேனில் ஏற்றியாக வேண்டும். ஆறு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் சம்பங்கியும் மிஞ்சாது, சம்பங்கியைப் பிரிந்த அம்மாவும் மிஞ்சமாட்டாள் என்று அறிவுச்செல்வி பயந்தாள்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடைப்பு என்ற பேச்சை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவள்தான்.

காலையில் ஒன்பது மணிக்கு, ரேஷன் கடையில் ரேகை வைப்பதற்காக அம்மா சின்னாளப்பட்டிக்குக் கிளம்பினாள். “நான் வார வரைக்கும் இரு தாயி. பதினோரு மணிக்குள்ள வந்துருவேன்” என்றாள். அறிவுச்செல்வி அப்பாவுக்கு உடம்பு துடைக்க உட்கார்ந்தாள். துடைப்பதற்கு முன் கேமராவின் உறையைத் திருகி, ஓட்டையை லென்ஸைவிட்டு நகர்த்தி மூடிவிடுவது அவள் வழக்கம். அப்பாவின் உடம்பை உடுப்பில்லாமல் திருப்பூரில் இருந்து யாரும் பார்க்க வேண்டாம் என்று அவளாகக் கண்டுபிடித்த வழி. இன்றைக்கு அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே திருகிவிட்டாள். துடைத்து முடித்துக் கஞ்சி ஊட்டினாள். மூன்று வாய், மூன்றையும் அப்பா அவள் சேலையில் துப்பினார். பரீட்சை விண்ணப்பத்துக்கு இன்று கடைசி நாள், கடை வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

“எப்பத்தான்ப்பா என்னைய விடுவீக? போய்ச் சேந்தாத்தான் என்ன, எல்லாருக்கும் நிம்மதி!”

சொல்லவில்லை, கத்தினாள். அப்பா திறக்க முடிந்த வலது கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முதுகுக்குப் பவுடர் போடவில்லை. துடைத்த ஈரத் துண்டு அவர் முதுகுக்கு அடியிலேயே கிடந்தது, அதையும் உருவவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போது மணி ஒன்பது நாற்பது.

பதினொன்றேகாலுக்கு அம்மா ஃபோனில் அலறினாள். ஓடி வந்து விழுந்த அறிவுச்செல்வியைத் தூக்கி உட்காரவைத்த யாரோ, “நீ எப்பத்தா இங்கருந்து கிளம்புன?” என்று கேட்டார்கள். “பதினோரு மணிக்கு. நல்லா மூச்சு விட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தாரு” என்று அவள் வாய் சொன்னது. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. ஆனால் பதினோரு மணிவரை மூச்சு இருந்தது என்றால் அவிட்டம்தான் என்று பெரியப்பா அங்கேயே முடிவு கட்டிவிட்டார். வந்து பார்த்த டாக்டரும் “ஒரு மணி நேரமும் ஆயிருக்கலாம், ரெண்டு மணி நேரமும் ஆயிருக்கலாம்” என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா எதுவுமே கேட்கவில்லை. ஆறு மாதம் பூட்ட வேண்டும் என்றபோது “சரி” என்றாள். மஞ்சள் பையை எடுத்து அதில் இருந்த ரேஷன் கார்டைத் தரையில் வைத்துவிட்டு, சேலைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்த மணிமாறன்தான் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் சுவரைப் பார்த்தான். “எதுக்குப் பெரியப்பா குத்துமதிப்பாச் சொல்லிக்கிட்டு? கேமரா ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு. நெட்டுப் பெட்டி ஞாயித்துக்கெழம இடியில எரிஞ்சுபோச்சு, அதான் ஃபோன்ல பாக்க முடியல. ஆனா கார்டுல ஏறியிருக்கும். உறை மூடியிருந்தா படம் வராது, சத்தம் வரும்ல? அப்பாவோட மூச்சுச் சத்தம் இந்தக் கூடமே கேக்குமே.”

சத்தம் வரும் என்பது அறிவுச்செல்விக்குத் தெரியும். அவளுடைய சத்தமும் வரும். 

“எங்கிட்ட குடு. நான்தான் தினமும் திருகுறவ, எனக்குத்தான் இதோட பக்குவம் தெரியும்” என்று தம்பியிடம் இருந்து கேமராவை வாங்கினாள். “நீ போயி கார்ட ஃபோன்ல சொருகுறதுக்கு அந்த ரீடரோ என்னமோ, அத வாங்கிட்டு வா.”

அவன் வண்டியை எடுத்தான். அவள் ஆண்களை எல்லாம் வாசலுக்கு அனுப்பிவிட்டுக் கூடத்தில் வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரோரம் அம்மா. பின்வாசல் வழியே கொடியில் அப்பாவின் துண்டு காய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. அதை யார் உருவி எடுத்துப் போட்டார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. இருக்கிற கவலையில் அது நிற்காமல் போய்விட்டது.

தஹ்சீனுக்கு ஃபோன் போட்டாள். ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை. செல்ஃபோன், கேமரா எது வந்தாலும் பிரித்து மாட்டுகிற பெண். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

“அக்கா, அழுதீங்களா? சாப்ட்டீங்களா?” என்று ஆரம்பித்த தஹ்சீன் மூச்சு விடாமல் பேசினாள். “கடையப் பத்திக் கவலப்படாதீங்க. பத்தேகாலுக்குத் தொறந்தீங்க, பதினொன்னேகாலுக்கு அப்படியே போட்டுட்டு ஓடுனீங்கல்ல, நான்தான் ஷட்டர இறக்குனேன். அப்ளிகேசன் கட்டெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு.”

 ஃபோனை நோக்கிப் போன அறிவுச்செல்வியின் கை பாதியில் நின்றது. வாசலைப் பார்த்தாள். ஆண்கள் யாரும் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை மடித்துக்கொண்டிருந்த சேலையின் மேல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மடித்தது.

“அக்கா? இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றாள்.  விஷயத்தைச் சொன்னாள். உறை திருகிக்கொண்டு நிற்கிறது, கார்டு மூடியின் ரப்பர் நாக்கு உறையின் ஓட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, கார்டு பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கிற மாதிரித் தெரிகிறது.

“யா அல்லா, இழுத்துறாதீங்க. கார்டு ஒடஞ்சுச்சுன்னா ஒண்ணுமே எடுக்க முடியாது” என்றாள் தஹ்சீன். “ஒயரக் கழட்டியாச்சுல்ல? சரி. கழுத்தப் பிடிக்காதீங்க, உருண்டயப் பிடிங்க. பிளேடு, கத்தி எதுவும் வேணாம். எண்ணெயும் வேணாம், லென்ஸுக்குள்ள எறங்கிரும். துணியச் சுட வச்சு ரெண்டு நிமிசம் சுத்திப் பிடிச்சா ரப்பர் நெகிழும். ஈரத்துணி இல்ல, காஞ்ச துணி. அப்புறம் மொனை மழுங்குன ப்ளாஸ்டிக் அட்ட ஏதாவது வச்சு ஓரத்துல சுத்திவிட்டு, உள்ள பவுடர் தூவுங்க. கீழருந்து மேல சுருட்டணும், இழுக்கக் கூடாது. வீங்குன கால்ல இருந்து சாக்ஸ் உருவுற மாதிரி. நாக்குக்கிட்ட வந்ததும் நிப்பாட்டிட்டு, அத நகத்தால உள்ள தள்ளிவிட்டுட்டு, அதுக்கப்புறந்தான் மேல.”

துணியைச் சூடாக்க அடுப்பைப் பற்றவைக்க முடியாது. கேத வீட்டில் இன்று அடுப்பு எரியக் கூடாது. அறிவுச்செல்வி ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அங்கே கொட்டுக்காரர்கள் ஓலையைக் கொளுத்தித் தப்புகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீயில் துணியைக் காட்டினாள். என்ன ஏது என்று கேட்காமல் ஒருவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். அதே சூட்டில் அவருடைய தப்பின் தோல் முறுக்கேறிக்கொண்டிருந்தது. இவளுடைய ரப்பர் நெகிழ வேண்டும்.

சூடான துணியை மடியில் பொத்திக்கொண்டு ஓடிவந்து கேமராவின் தலையைச் சுற்றிப் பிடித்தாள். இரண்டு நிமிஷம். பிறகு அம்மா தரையில் வைத்திருந்த ரேஷன் கார்டை எடுத்தாள். அதன் முனை மழுங்கியிருந்தது. உறையின் ஓரத்தில் அதைச் செருகி மெதுவாகச் சுற்றினாள். பாதிச் சுற்றில் ‘க்ரக்’ என்றது. கையை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை, பழைய பிசுக்குத்தான் விட்டுக்கொடுத்தது.

கட்டிலுக்கு அடியில் பவுடர் டப்பா இருந்தது. படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்று அப்பாவின் முதுகுக்குத் தினமும் போடுகிற பவுடர். அடியில் மிச்சமிருந்ததைத் தட்டி உறைக்குள் தூவினாள். வாசனை எழுந்ததும் கண்ணீர் மறைத்தது. தோளில் துடைத்துக்கொண்டு கீழ் விளிம்பைச் சுருட்ட ஆரம்பித்தாள். நூல் அளவு, இன்னும் ஒரு நூல் அளவு. நீல விளிம்பு உருண்டு மேலே ஏறியது. உள்ளே பதினோரு மாதமாக வெளிச்சம் படாத வெள்ளைத் தலை தெரிந்தது. பிறகு மூடியின் கறுப்பு நாக்கு. அதன் இடுக்கில் நகக்கண் அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது கார்டு.

நிறுத்தினாள்.

அவள் பெருவிரல் அந்தக் கார்டின் முனையில் இருந்தது. இப்போது உறையை வெடுக்கென்று இழுத்தால் போதும். நாக்கோடு சேர்ந்து கார்டும் முறியும். ஐயோ கைதவறிப்போச்சே என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இத்தனை பேர் முன்னால் பிளேடு வேண்டாம், குறடு வேண்டாம் என்று தடுத்தவளே அவள்தானே. போய்ச் சேர்ந்தால் நிம்மதி என்று கத்திய குரலை இந்த ஊர் கேட்காது. தம்பி கேட்க மாட்டான். அவள் பிள்ளைகள் காதுக்கு ஒருநாளும் போகாது.

 அம்மா கடைசிச் சேலையை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போனாள். சம்பங்கித் தோட்டத்தைப் பார்த்து நின்றாள்.  முதுகு மட்டும் தெரிந்தது.

அறிவுச்செல்வி நகத்தால் அந்த நாக்கை உள்ளே தள்ளினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை உள்ளே போனது. மீதி உறை சத்தமே இல்லாமல் சுருண்டு வந்து, உட்புறம் வெளியே தெரிய அவள் மடியில் விழுந்தது. கார்டை அழுத்தி எடுத்தாள். முழுசாக இருந்தது.

மணிமாறன் ரீடரோடு வந்தான். பெரியப்பாவும் கூடவே உள்ளே வந்தார். தம்பி நீட்டிய கையில் கார்டை வைக்காமல் அறிவுச்செல்வி சொன்னாள்: “பெரியப்பா, நான் பதினோரு மணிக்குக் கிளம்பல. ஒம்போது நாப்பதுக்கே போயிட்டேன். கடையில வேல இருந்துச்சு.”

பெரியப்பா அவளைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். மணிமாறன் “அப்ப அப்பா தனியாவாக்கா...” என்று ஆரம்பித்தான். கடைசியாக ஊருக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது நினைவுக்கு வந்ததோ என்னமோ, வாக்கியத்தை முடிக்காமல் கார்டை வாங்கி ஃபோனில் சொருகினான்.

பத்துப் பத்து நிமிஷத் துண்டுகளாக, ஒவ்வொன்றின் மேலும் மணி போட்டு வரிசையாக வந்தன. 9.30 என்பதும் இருந்தது. அறிவுச்செல்வியின் கண் அதிலேயே நின்றது.

“மொதல்ல கேமராவோட மணி சரியா இருக்கான்னு பாப்போம்” என்றான் மணிமாறன். “அம்மா வந்தது பதினொன்னேகாலு. அந்தச் சமயம் அம்மா கத்துனது இதுல எந்த மணியில இருக்குன்னு பாத்தாத் தெரிஞ்சுபோகும்.” 11.10ஐத் தொட்டான்.

படம் கறுப்பு. மின்விசிறியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு கதவு. செருப்பைக் கழற்றும் சத்தம். “ஏங்க” என்றது அம்மாவின் குரல். “ஏங்க... இந்தா...” பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. அழுகை வரும் என்று மூவரும் காத்திருந்தார்கள். அழுகைக்குப் பதிலாகக் கட்டில் கிரீச்சிட்டது. எதையோ உருவும் சத்தம். வாளியின் கைப்பிடி கிணுங்கியது. துணியைப் பிழிய, தண்ணீர் சொட்டும் சத்தம். காலடி பின்வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. அதற்கு அப்புறம்தான் அந்த அலறல் வந்தது.

“பதினொன்னு பதினாறு” என்றான் மணிமாறன். “மணி சரியாத்தான் ஓடியிருக்கு.”

பெரியப்பா தலையாட்டினார். அவருக்கு அதில் வேறு எதுவும் கேட்கவில்லை. அறிவுச்செல்விக்குக் கேட்டது. ஊரைக் கூப்பிடுவதற்கு முன்னால், புருஷன் போய்விட்டான் என்று அழுவதற்கும் முன்னால், மகள் விட்டுப்போன ஈரத் துண்டை உருவி அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் அம்மா அலறியிருக்கிறாள். மகள் பாதியில் விட்டுவிட்டுப் போனது காலையிலேயே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடைப்புக்குச் சரி என்றாள். தெரிந்துகொண்டுதான் சேலை மடித்தாள். 

தம்பி 10.00ஐப் போட்டான். அப்பாவின் மூச்சு, தொண்டையில் சளி உரச, கனமாக வந்தது. 10.10இல் ஒரு காக்கை. பிறகு அப்பாவின் குரல். வாய் கோணிய பிறகு அவருக்குத் தெளிவாக வந்த சொல் அது ஒன்றுதான். “ஆத்தா.” மகளை அவர் கூப்பிடுவது அப்படித்தான். தண்ணீர் கேட்கும்போது கூப்பிடுகிற மாதிரி, அவசரமில்லாமல், கோபமில்லாமல், மூன்று தடவை கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவள் பேகம்பூர் முக்கில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்திருப்பாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

10.20 முழுக்க மூச்சு. 10.30லும் மூச்சு வந்தது. பெரியப்பா தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். இன்னும் பதினெட்டு நிமிஷம் இந்த மூச்சு ஓடினால் வீடு பூட்டிவிடும். அப்பா மூச்சு விட வேண்டும் என்று நினைப்பதா, நின்றுவிட வேண்டும் என்று நினைப்பதா என்று தெரியாமல் அறிவுச்செல்வி கண்ணை இறுக மூடினாள். இழுத்த மூச்சு ஒன்று, விட்ட மூச்சு ஒன்று. இன்னும் ஒன்று. பிறகு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மணிமாறன் அடுத்ததைப் போட்டான். 10.40லும் மின்விசிறிதான்.

“பத்து முப்பத்தாறு” என்றார் பெரியப்பா.  “திருவோணந்தான்யா. அடைப்பு இல்ல.” எழுந்து வாசலுக்குப் போனார். “ஏலே, நீர்மாலைக்குக் கிளம்புங்கடா, அடைப்பு ஒண்ணும் இல்ல!” என்று அவர் சொன்னதும் தெருமுனையில் கொட்டு முழங்கியது.

மணிமாறன் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரிசையை மேலே தள்ளினான். “காலையில இன்னும் பேசியிருப்பாருக்கா. துடைக்கும்போது ஒன்கூடப் பேசியிருப்பாருல்ல. கேப்போம்.” அவன் விரல் 9.30க்கு நேராக வந்தது.



“போதும்டா.” பின்வாசலில் அம்மா நின்றாள். “அத எடுத்து எங்கிட்ட குடு.”

“அப்பா குரல் இருக்கும்மா.”

“என் குரலுந்தான் இருக்கும். பதினோரு மாசமா நான் அவுகள என்னென்ன பேசியிருக்கேன்னு ஒனக்கென்ன தெரியும்? குடு.”

அவன் அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். கார்டைக் கழற்றிக் கொடுத்தான். அம்மா அந்த நகக்கண் அளவுப் பொருளை வாங்கி, முந்தானை முனையில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போனான்.

வாசலில் ஐஸ் பெட்டியைத் திறந்து அப்பாவை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நீர்மாலைத் தண்ணீர் வந்து, மேளச் சத்தத்தோடு குளிப்பாட்டித் துடைத்தும் ஆகிவிட்டது. கோடி வேட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா, “செத்த இருங்கப்பா” என்றாள். “ஒருக்களிச்சுப் பிடிங்க.”

பிடித்தார்கள். அம்மா திரும்பி அறிவுச்செல்வியைப் பார்த்தாள்.

“காலையில முதுகுக்குப் பவுடர் போடலையே தாயி.”

அறிவுச்செல்வி உள்ளே ஓடினாள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. தரையில் அந்த நீல உறை, உட்புறம் வெளியே தெரிய, சுருண்டு கிடந்தது. எடுத்து வந்தாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உள்ளங்கைக்கு மேல் அதைப் பிடித்து மெதுவாக உதறினாள். கொஞ்சம் உதிர்ந்தது. அப்பாவின் முதுகு குளிர்ந்திருந்தது. தோள்பட்டையில் இருந்து இடுப்புவரை, எந்த இடமும் விட்டுப்போகாமல் தடவினாள்.